ஔஷத தானமும் அரசாங்கக் கணக்கும் – தமிழகக் கிராமங்களுக்கு மருந்து போய்ச் சேர்ந்த வரலாறு

தானங்கள் நான்கு என்று சமண நூல்கள் வகுத்துச் சொல்கின்றன. உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என்பன அவை. இவற்றுள் மருந்துக்குத் தமிழ் மரபும் தனி இடம் தந்திருக்கிறது. பதினெண்கீழ்க்கணக்கில் ஏலாதி, சிறுபஞ்சமூலம் என்ற இரு நூல்களும் மருந்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. இரண்டையும் இயற்றியவர்கள் சமணப் புலவர்களே.

ஆனால் தானத்தில் ஒரு சங்கடம் உண்டு. அது கொடுப்பவன் மனசைப் பொறுத்தது. கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. ஒரு கிராமத்துக் காய்ச்சல்காரன் தர்மவானை எதிர்பார்த்து எத்தனை நாள் திண்ணையில் படுத்திருப்பான்? ஆகவே மருந்து கொடுப்பது தருமம் என்ற நிலையிலிருந்து அரசாங்கத்தின் கடமை என்ற நிலைக்கு எப்படி வந்தது, அதற்கான பணம் எவ்வழியாகச் சென்றது என்பதைத் தமிழகத்தை வைத்து இக்கட்டுரையில் பார்ப்போம்.

ஜில்லா போர்டு காலம்

1919ஆம் ஆண்டு அரசியல் சீர்திருத்தச் சட்டத்தின்படி, மருத்துவமும் பொதுச் சுகாதாரமும் மாகாணத்து இந்திய மந்திரிகளின் கைக்கு வந்தன. சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சியில் பனகல் அரசர் 1921 முதல் 1926 வரை முதல் மந்திரியாக இருந்தார். அக்காலத்தில் பெரிய ஆஸ்பத்திரிகள் எல்லாம் பட்டணங்களில்தான். படித்த டாக்டர் கிராமத்துக்குப் போக மாட்டார், போனாலும் பிழைக்க முடியாது. எனவே கிராமத்தில் குடியேறித் தொழில் செய்யும் டாக்டருக்கு ஆண்டுதோறும் மானியம் கொடுக்கும் ஒரு திட்டம் 1920களில் தொடங்கப்பட்டது. சம்பளமும் இல்லை, முழுச் சொந்தத் தொழிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவான ஏற்பாடு. டாக்டரைக் கிராமத்தில் தங்க வைக்க ஏதாவது ஒரு லாபம் காட்டியாக வேண்டும் என்ற உண்மையை அன்றே கண்டுகொண்டார்கள்.

நாட்டு வைத்தியத்தையும் அவர்கள் விடவில்லை. உஸ்மான் குழுவின் விசாரணைக்குப் பிறகு 1925இல் சென்னையில் அரசாங்க இந்திய மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றும் அங்கே கற்பிக்கப்பட்டன.

அடுத்த பெரிய படி 1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். ராஜாஜி மந்திரிசபையில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் சுகாதார மந்திரியாக இருந்த சமயம் அது. குடிநீர், சாக்கடை, தொற்றுநோய், சந்தை, திருவிழாக் கூட்டம் எல்லாவற்றையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். நோய் வந்தபின் மருந்து கொடுப்பதற்கு ஒரு துறை, நோய் வராமல் பார்த்துக்கொள்ள இன்னொரு துறை என்ற பிரிவினை தமிழகத்தில் இன்றும் நிலைத்திருக்கிறது. பொதுச் சுகாதாரத்துக்கென்றே தனி இயக்குநரகமும் தனிப் பணியாளர் வரிசையும் உள்ளன. மற்ற மாநிலங்கள் பலவற்றில் இரண்டும் ஒன்றாய்க் கலந்து, ஆஸ்பத்திரிச் செலவு சுகாதாரச் செலவை விழுங்கிவிட்டது.

கட்டிடம் வந்தது, மருந்து வரவில்லை

சர் ஜோசப் போர் தலைமையில் 1943இல் அமைந்த குழு 1946இல் தன் அறிக்கையைத் தந்தது. நம் டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் அக்குழுவில் ஓர் உறுப்பினர். பணம் கொடுக்க முடியாத காரணத்தால் ஒருவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்பது அந்த அறிக்கையின் அடிப்படை. அதில் பிறந்ததே ஆரம்ப சுகாதார நிலையம். 1952 அக்டோபர் 2இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பின்னர், வட்டாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அவை எழும்பின. பிற்பாடு சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்று அளவு வகுக்கப்பட்டது.

எங்கள் வந்தவாசிப் பக்கத்துக் கிராமங்களிலும் கட்டிடம் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, டாக்டரும் வந்தார். மருந்துதான் வரவில்லை. வயிற்றுவலிக்கும் அஜீரணத்துக்கும் ஒரே சிவப்பு மிக்சர். போகும்போது பாட்டில் நாம் கொண்டுபோக வேண்டும். மற்றதெல்லாம் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள், "டவுன்ல வாங்கிக்கோ" என்று. 1970களில் என் சிற்றப்பா மகனுக்கு விஷக்காய்ச்சல் கண்டபோது, சிற்றப்பா பித்தளை அண்டாவை அடகு வைத்து அந்தச் சீட்டு மருந்தை வாங்கினார். ஆள் பிழைத்தான், அண்டா திரும்பவில்லை. இலவச மருத்துவம் என்பதன் விலை ஓர் அண்டா என்று எங்கள் வீட்டில் வெகுநாள் பேச்சு உண்டு.

வியாபாரி சொல்லும் சாட்சியம்

அரசாங்கம் மருந்துக்குப் பணமே ஒதுக்கவில்லையா என்றால், ஒதுக்கத்தான் செய்தது. அது எங்கே கரைந்தது என்பதை வியாபாரியான நான் கொஞ்சம் சொல்ல முடியும். 1980களின் கடைசியில் பேண்டேஜ் துணியும் பஞ்சும் மொத்தமாக விற்று வந்தேன். ஓர் அரசு அலுவலகத்துக்குச் சரக்கு போட்டால் பில் பாஸாக ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும். அந்த வட்டியை யார் தாங்குவது? விலையிலேயே ஏற்றிவிடுவோம். எல்லாரும் அப்படித்தான். பணம் வருமா என்ற சந்தேகத்துக்கு ஒரு விலை, அலைச்சலுக்கு ஒரு விலை. இப்படி ஒரு ரூபாய்ச் சரக்கு ஒன்றரை ரூபாயாகும். கடைசியில் அந்த எட்டணாவைக் கொடுத்தது அரசாங்கமல்ல, அண்டா அடகு வைத்தவன். பரிக்கிரகத்துக்கு அளவு வை என்று அணுவிரதம் ஓதிய வாயால்தான் நானும் அந்த விலையைச் சொன்னேன். இதை மறைப்பதில் பயனில்லை.

இந்த முடிச்சை அவிழ்த்தது 1994ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஜூலையில் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் என்ற அரசு நிறுவனம் பதிவாயிற்று. 1995 தொடக்கத்தில் வேலையை ஆரம்பித்தது. இந்திய ஆட்சிப் பணி அதிகாரி எஸ். பூர்ணலிங்கம் அவர்களின் பங்கு இதில் பெரிது. அவர்கள் செய்தது அத்தனையும் ஒரு நல்ல மளிகைக் கடைக்காரன் செய்யக்கூடியதுதான்.

முதலாவது, தேவையான மருந்துகளுக்கு மட்டும் ஒரு பட்டியல் போட்டார்கள். கம்பெனிப் பெயரை விட்டு மருந்தின் மூலப்பெயரில் வாங்கினார்கள். இரண்டாவது, மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டர். தகுதிக்கு ஓர் உறை, விலைக்கு ஓர் உறை. தகுதியில் தேறினால்தான் விலை உறை பிரிக்கப்படும். மூன்றாவது, சரக்கு மாவட்டக் கிடங்குக்கு நேரே வரும். ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து, குறியீட்டு எண் மட்டும் போட்டுச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். தேறினால் பணம், தேறாவிட்டால் சரக்கு திரும்பும். நான்காவது, கிடங்கு இருப்பு முழுவதும் கம்ப்யூட்டரில் ஏறியது. எந்த ஊரில் எது குறைகிறது என்று சென்னையிலிருந்தே தெரிந்தது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது பாஸ்புக். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு கணக்குப் புத்தகம். இந்த ஆண்டு உனக்கு இவ்வளவு ரூபாய் மதிப்புள்ள மருந்து என்று அதில் வரவு எழுதியிருக்கும். கிடங்குக்குப் போய் வேண்டிய மருந்தை எடுக்கலாம், எடுத்தது பற்றாகும். யாரோ அனுப்பிய வேண்டாத மாத்திரை அலமாரியில் கிடந்து காலாவதியாகும் கதை இதனால் குறைந்தது. என்ன வேண்டும் என்று கேட்கும் உரிமை முதன்முதலாகக் கிராமத்து டாக்டருக்கு வந்தது. பணம் ஒழுங்காக வரும் என்று தெரிந்ததும் கம்பெனிகளும் விலையைத் தாமாகவே இறக்கின.

இந்த வழியைப் பிற மாநிலங்களும் கைக்கொண்டன. கேரளம் 2007இல் தன் கழகத்தை அமைத்தது. ராஜஸ்தான் 2011இல் கழகம் கண்டு, அவ்வாண்டு அக்டோபர் 2 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்தைத் தொடங்கியது. நம் ஊர் ஏற்பாடு வடக்கே போனது நமக்குப் பெருமைதான்.

மருந்துக்குப் பின்னால் மனிதர்

மாத்திரை மட்டும் போதுமா? போதாது. கொடுக்க ஆள் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை நியமித்து, முறைவைத்து இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கச் செய்தார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் தொகை 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ஆகவும், 2018இல் 18,000 ஆகவும் உயர்ந்தது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நடந்தன. வண்டி கட்டிக்கொண்டு போகும் வழியிலேயே பெண்களைப் பறிகொடுத்த தலைமுறைக்கு இந்த எண்ணின் அருமை தெரியும்.

டாக்டர்களுக்குப் பணத்தைவிடப் பெரிய ஈர்ப்பு ஒன்று இருந்தது. அரசுப் பணியில் இருப்போருக்கு மேற்படிப்பில் பாதி இடம் என்ற ஒதுக்கீடே அது. கிராமத்தில் சில வருஷம் இருந்தால் எம்.டி. படிக்கலாம் என்ற நம்பிக்கையில் பலர் வந்தார்கள். அகில இந்திய விதிகளால் இதற்கு இடையூறு வந்தது. 2020 ஆகஸ்ட் 31இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, இத்தகைய ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. 1920களில் டாக்டருக்கு மானியம் தந்தவர்கள் கண்ட அதே உண்மைதான் இது.

காப்பீட்டுத் திட்டம் 2009இல் வந்தது. பெரிய ஆபரேஷனுக்கு அது கைகொடுக்கிறது. ஆனால் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாதாமாதம் வேண்டிய மாத்திரைக்குக் காப்பீட்டு அட்டை உதவாது. அதற்காகவே 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. நோயாளி மருந்தைத் தேடிப் போனது மாறி, மருந்து அவர் வீட்டுத் திண்ணைக்கு வந்தது.

நிறைவாக ஒன்று. கருணை இருந்தால் போதும் என்றுதான் நானும் இளமையில் எண்ணியிருந்தேன். எங்கள் ஊர் டாக்டரிடமும் கருணை இருந்தது. அலமாரியில்தான் மருந்து இல்லை. ஒழுங்கான கணக்கு வந்த பிறகுதான் அந்தக் கருணைக்குக் கைகால் முளைத்தது. வெளிமாநிலங்களில் இருக்கும் நம் சங்கங்கள் ஆண்டுதோறும் மருத்துவ முகாம் நடத்துகின்றன. நல்ல காரியம், நடக்கட்டும். அதோடு, நாம் வாழும் மாநிலத்துக் கிராம சுகாதார நிலையத்துக்கு ஒருமுறை போய், மருந்து இருப்புக் கணக்கைக் கேட்டுப் பார்ப்போம். கேட்பதும் ஔஷத தானமே.