எழுதியவன் பெயர்

உத்திரமேரூர்க் கோயில் சுவரில் குடவோலை முறையைக் காணச் செல்வோர் பலரும் அக்கல்வெட்டின் இறுதிப் பகுதியைக் கவனிப்பதில்லை. கி.பி. 921ஆம் ஆண்டைச் சேர்ந்த அச்சாசனத்தை, சபையோர் பணிக்க எழுதியவன் காடாடிப்போத்தன் சிவக்குறி இராசமல்ல மங்கலப்பிரியன் என்னும் மத்தியஸ்தன். ஆணை சபையுடையது, எழுத்து அவனுடையது. இரண்டையும் கல் சொல்கிறது. ஆயிரம் ஆண்டுகள் கழித்து வந்த திரையிசை, எழுதியவனுக்கு இந்த நியாயத்தைச் செய்யவில்லை. சிக் சாக்லேட் என்னும் ஜாஸ் கலைஞரின் வாழ்வை வாசிக்கையில் நமக்குத் தோன்றுவது இதுதான்.

அவரது இயற்பெயர் அந்தோனியோ சேவியர் வாஸ். கோவாவின் அல்டோனா என்ற ஊரில் 1916இல் பிறந்தவர். போர்த்துக்கீசியர் ஆட்சியில் கோவாவின் தேவாலயப் பள்ளிகள் சிறுவர்களுக்கு மேற்கத்திய இசைக்குறிப்பைக் கற்பித்தன. அக்கல்வியே பின்னாளில் பல கோவா இளைஞர்களுக்குச் சோறு போட்டது. 1935இல் லியோன் அபேயின் கறுப்பினக் குழு அமெரிக்க ஜாஸைப் பம்பாய் தாஜ் மகால் ஓட்டலுக்குக் கொண்டுவந்தது. அதே ஓட்டலில் 1940களில் 11 பேர் கொண்ட குழுவை நடத்தினார் சிக். அவரது ட்ரம்பெட் வாசிப்பைக் கேட்டவர்கள் அவரை இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங் என்றனர்.

பெரிய ஜாஸ் குழுவில் எல்லாரும் ஒரே மெட்டை வாசிப்பதில்லை. ட்ரம்பெட்டுகள் ஒன்று கூற, சாக்ஸபோன்கள் மறுமொழி கூறும். பியானோவும் டிரம்ஸும் நடையைத் தாங்கும். ஒவ்வொரு கருவிக்கும் உரிய பகுதியைத் தனித்தனியே எழுதித் தருபவரே இசைக்கோப்பாளர்.

1950இல் பம்பாயில் மதுவிலக்கு முழுமையாக நடைமுறைக்கு வந்தபின் ஓட்டல் நடனக் குழுக்கள் நலிந்தன. ஏற்கெனவே திரையிசைக் கூடங்களில் கால் பதித்திருந்த கோவா கலைஞர்களுக்கு அவையே புகலிடமாயின. 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' (1958) மூலம் தமிழர் நன்கறிந்த சி. ராமச்சந்திராவுக்குச் சிக் உதவியாளரானார். அவர்கள் இணைந்த 'அல்பேலா' (1951) படத்தின் துள்ளலிசையில் ஓட்டல் ஜாஸின் சாயல் தெளிவாகக் கேட்கிறது. திரையிலும் சிக் தம் குழுவுடன் தோன்றுகிறார். ஆயினும் இசையமைப்பாளராக அவர் பெயர் தாங்கியவை 'நாதான்' (1951) முதலிய மிகச் சில படங்களே. 1967இல், 51ஆம் வயதில் அவர் மறைந்தார்.

மெட்டு ராமச்சந்திராவுடையது என்பதில் நமக்கு ஐயமில்லை. அவர் பெருமையைக் குறைப்பதும் நம் நோக்கமன்று. ஆனால் மெட்டுக்கு உடல் தந்தவர்கள் 'உதவியாளர்' என்ற ஒரு சொல்லுக்குள் ஒடுக்கப்பட்டனர். பலருக்கு அச்சொல்லும் கிட்டவில்லை. அவர்கள் எழுதிய குறிப்புத் தாள்களும் பெரும்பாலும் பேணப்படவில்லை. இன்று எஞ்சியிருப்பது ஒலி மட்டுமே. அதைக் கேட்கும்போதேனும் எழுதியவன் யார் என்று வினவுவோம். ஊர்ச் சபையின் ஆணையை எழுதியவனுக்கே கல்லில் இடம் கொடுத்த மண் இது.