25 மடங்கு பெரிதாகக் காட்டினால் குறி தப்பாதா? துப்பாக்கி ஸ்கோப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

தருமபுரி மாவட்டம் அரூர் அருகே உள்ளது தீர்த்தமலை. அடிவாரத்தில் நின்று மலைமேல் இருக்கும் தீர்த்தகிரீஸ்வரர் கோவிலை செல்போனில் ஜூம் செய்து பாருங்கள். ஜூம் கூட்டக் கூட்ட கோவில் கிட்டே வரும். ஆனால் கை லேசாக ஆடினாலும் படம் எங்கேயோ ஓடிவிடும். உச்சி வெயிலில் பாறைச் சூடு கிளம்பினால் காட்சியே நெளியும்.

நீண்ட தூரம் சுடும் ரைபிள்களில் மாட்டும் ஸ்கோப்பிலும் இதே கதைதான். "24 மடங்கு", "32 மடங்கு" என்று பெட்டியில் பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறுபவர்கள் பலர். உண்மையில் எதைப் பார்க்க வேண்டும்?

5-25×56 என்றால் என்ன?

5-25 என்பது ஜூம் அளவு. 5 மடங்கில் இருந்து 25 மடங்கு வரை பெரிதாக்கலாம். 56 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில்.

லென்ஸ் அளவை ஜூமால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 25 மடங்கில் அது 2.24 மி.மீ. மட்டுமே. 10 மடங்கில் 5.6 மி.மீ. நம் கண்ணின் பாவை நல்ல வெயிலில் 2 முதல் 3 மி.மீ. அளவில் இருக்கும், இருட்டில் இளவயதினருக்கு 7 மி.மீ. வரை விரியும். அதனால்தான் பகலில் பளிச்சென்று தெரியும் 25 மடங்கு காட்சி, பொழுது சாயும்போது மங்கிப் போகிறது. ஜூம் கூடினால் பார்க்கும் பரப்பும் சுருங்கிவிடும்.

ராணுவத்தில் எத்தனை மடங்கு?

இந்திய ராணுவம் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் டிராகுனோவ் ரைபிளின் பி.எஸ்.ஓ-1 ஸ்கோப், வெறும் 4 மடங்குதான்! லென்ஸ் 24 மி.மீ. ஆனால் ஒளிக்கற்றை 6 மி.மீ. என்பதால் மங்கிய வெளிச்சத்திலும் கைகொடுக்கும். 1,000 மீட்டரைத் தாண்டிய தூரத்துக்கு இது போதாது. அந்தத் தேவைக்காக .338 லபுவா தோட்டா பயன்படுத்தும் சாகோ டி.ஆர்.ஜி-42 போன்ற ரைபிள்கள் வந்துள்ளன.

2009-ல் ஆப்கானிஸ்தானில் பிரிட்டன் வீரர் கிரெய்க் ஹாரிசன் 2,475 மீட்டர் தூரத்தில் இலக்கைத் தாக்கினார். அந்த ரைபிளில் இருந்த ஸ்கோப்பின் உச்ச ஜூமே 25 மடங்குதான்.

அப்போ எது முக்கியம்?

ஸ்கோப்பின் மேலே இருக்கும் திருகுதான். இதை டரட் என்கிறார்கள். 100 மீட்டருக்குச் சரிசெய்த 7.62 மி.மீ. ரைபிளின் தோட்டா, 1,000 மீட்டர் போவதற்குள் 10 மீட்டருக்கும் மேல் கீழே இறங்கிவிடும். டரட்டைத் திருகித்தான் அதை ஈடுகட்ட வேண்டும்.

0.1 மில் அளவுள்ள ஒரு 'கிளிக்', 100 மீட்டரில் 1 செ.மீ., 1,000 மீட்டரில் 10 செ.மீ. நகர்த்தும். அப்படியானால் 100 கிளிக்குக்கு மேல் திருக வேண்டும். திருகில் 3 சதவீதம் பிழை இருந்தால்கூட குண்டு 30 செ.மீ. தள்ளிப் போய்விடும். எத்தனை மடங்கு ஜூம் இருந்தாலும் இந்தப் பிழை சரியாகாது.

அடுத்தது, உள்ளே தெரியும் அளவுக்கோடுகள். 'ஃபர்ஸ்ட் ஃபோக்கல் பிளேன்' வகையில் ஜூமோடு சேர்ந்து கோடுகளும் பெரிதாகும். எந்த ஜூமிலும் கணக்கு சரியாக வரும். 'செகண்ட் ஃபோக்கல் பிளேன்' வகையில் குறிப்பிட்ட ஒரே ஜூமில் மட்டும்தான் கணக்கு பொருந்தும்.

பிரபல ஸ்கோப்கள்: ஓர் ஒப்பீடு

* ஷ்மிட் அண்ட் பெண்டர் பி.எம் 2 (ஜெர்மனி): 5-25×56. ஹாரிசனின் ரைபிளில் இருந்தது இந்த வகைதான். குழாய் 34 மி.மீ.
* லியூபோல்ட் மார்க் 5 எச்.டி: 5-25×56. எடை சுமார் 850 கிராம். குழாய் 35 மி.மீ. என்பதால் 34 மி.மீ. வளையங்கள் பொருந்தாது.
* வோர்டெக்ஸ் ரேசர் எச்.டி ஜென் 2: 4.5-27×56. எடை சுமார் 1.37 கிலோ. தூக்கிக்கொண்டு மலை ஏறுபவருக்கு இந்த அரை கிலோ பெரிய வித்தியாசம்.
* நைட்ஃபோர்ஸ் அடாக்கர்: 7-35×56. உச்ச ஜூமில் ஒளிக்கற்றை 1.6 மி.மீ. மட்டுமே. கானல் இல்லாத, வெளிச்சமான நேரத்தில்தான் 35 மடங்கு முழுசாகப் பயன்படும்.

பிள்ளையைப் போட்டிக்குத் தயார் செய்கிறீர்களா?

அப்படியானால் ஸ்கோப்புக்குச் செலவு செய்யவே வேண்டாம். ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளில் தொலைநோக்கி ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை. 10 மீட்டர் ஏர் ரைபிளில் நடுப்புள்ளி வெறும் 0.5 மி.மீ. அதை ஸ்கோப் இல்லாமல்தான் குறிவைக்க வேண்டும். 2008-ல் அபினவ் பிந்த்ரா வென்ற தங்கம், 2012-ல் ககன் நரங் வென்ற வெண்கலம், 2024-ல் 50 மீட்டர் பிரிவில் ஸ்வப்னில் குசாலே வென்ற வெண்கலம் எல்லாமே இப்படி வந்தவைதான்.

ஏர்கன்னில் மாட்டலாமா?

ஸ்பிரிங் ஏர்கன் சுடும்போது பின்னாலும் முன்னாலும் உதைக்கும். அதைத் தாங்கும்படி செய்யாத ஸ்கோப் சீக்கிரமே பழுதாகிவிடும். 100 மீட்டர் தூரத்துக்கு ஃபோகஸ் வைத்த ஸ்கோப்பில் 10 மீட்டர் இலக்கு மங்கலாகத் தெரியும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை. அந்த அளவைத் தாண்டினால் உரிமம் கட்டாயம். அதற்காக, உரிமம் தேவையில்லாத ஏர்கன்னோடு தீர்த்தமலை போன்ற காட்டை ஒட்டிய ஊர்களில் மயிலையோ மானையோ குறிவைக்கலாம் என்று அர்த்தம் இல்லை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சுட்டால் மட்டுமல்ல, சுட முயன்றாலும் அது வேட்டைதான். சிறைத் தண்டனை வரை போகும்.

மலையையும் பறவைகளையும் கிட்டத்தில் பார்க்க ஆசை என்றால் 8×42 பைனாகுலர் போதும். ஒளிக்கற்றை 5.25 மி.மீ.; சாயங்காலத்திலும் தெளிவாகத் தெரியும். உரிமமும் வேண்டாம், வழக்கும் வராது.