முட்டுக்கட்டை: தேரைத் திருப்பியவர்களின் எழுதப்படாத வரலாறு

ஒரு காரியத்திற்கு ‘முட்டுக்கட்டை போடுதல்’ என்றால் இன்றைய தமிழில் தடை செய்தல் என்று பொருள். தேரோடும் வீதியில் அச்சொல்லுக்குப் பொருள் அவ்வளவு குறுகியதன்று. தேரை நிறுத்துவது முட்டுக்கட்டை. தேரைத் திருப்புவதும் அதுவே. மொழி முதற்பொருளை வைத்துக்கொண்டு இரண்டாவதை நழுவவிட்டது. கோயில் வரலாறுகளும் அப்படியே. தேர் செய்வித்த அரசரின் பெயர் உண்டு, வெள்ளோட்டம் விட்ட நாள் உண்டு. சக்கரத்தடியில் குனிந்து கட்டை வைத்தவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மோட்டார் வண்டியின் முன்சக்கரங்கள் வலமும் இடமும் திரும்பும். வளைவில் உட்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிடக் கூடுதலாகத் திரும்பவேண்டும் என்ற கணக்கு மோட்டார் வருமுன்பே குதிரை வண்டிக்காக உருவானது. மியூனிக் நகர வண்டித் தச்சர் லாங்கென்ஸ்பெர்கர் கண்ட முறைக்கு, 1818-இல் இங்கிலாந்தில் அக்கர்மான் தம் பெயரில் காப்புரிமை பெற்றார். நம் தேரில் இந்த ஏற்பாடு இல்லை. அச்சுகள் அடிப்பீடத்தில் அசையாமல் பொருத்தப்பட்டவை. அவற்றின் முனைகளில் சக்கரங்கள் உருளும். ஆகவே தேருக்கு ‘ஸ்டியரிங்’ என்று தனியுறுப்புக் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பவேண்டுமோ அந்தப் பக்கத்துச் சக்கரத்தின்முன் கட்டையைச் சாய்த்து வைத்தால், அந்தச் சக்கரம் தயங்கும், மறுபக்கம் முந்தும், தேர் முகம் திருப்பும். எந்தக் கோணத்தில் வைப்பது, எந்தக் கணத்தில் கையை இழுத்துக்கொள்வது என்பது அவர் உடம்பில் இருந்த அறிவு.

கல்பாத்தியில் இதனோடு யானையும் சேர்கிறது. கி.பி. 1425-இல் பாலக்காட்டு அரசர் இட்டிக்கோம்பி அச்சன் காலத்தில் எழுந்ததாகச் சொல்லப்படும் விசுவநாத சுவாமி கோயிலின் ஐப்பசித் தேர்விழாவில், முன்னே மக்கள் வடம் பிடிக்க, பின்னே யானை நெற்றியால் தள்ளும். தமிழகத்திலிருந்து குடியேறியோர் தேரைக் கொண்டுவந்தனர். மலையாள மண் யானையைக் கொடுத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. வலப்பின் மூலையில் யானை தள்ளினால் தேர் இடப்பக்கம் ஒசியும். இருபுறமும் வீட்டுத் திண்ணைகள் நெருங்கிய அக்கிரகாரத் தெருவில், வடம் பிடிப்போர், பாகன், கட்டை வைப்போர் ஆகிய மூவகையினரும் ஒருவர் குறிப்பை ஒருவர் அறிந்தால்தான் தேர் நேரே செல்லும்.

இருபதாம் நூற்றாண்டில் தேர்களின் உறுப்புகள் மாறின. திருவாரூர் ஆழித்தேர் 1926-இல் தீக்கிரையானது. புதிதாகக் கட்டிய தேரும் 1948-க்குப் பின் நெடுநாள் ஓடாமல் நின்று 1970-இல் மீண்டும் ஓடியது. 96 அடி உயரமும், அலங்காரத்துடன் ஏறத்தாழ 300 டன் எடையும் கொண்ட அத்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் அமைத்தது. வேறு பல ஊர்த் தேர்களும் இரும்புச் சக்கரத்திற்கு மாறின. நிலைக்கு வர நாள்கணக்கில் ஆன தேர்கள் ஒரே நாளில் வந்தன. இது பெரிய நன்மை, மறுப்பதற்கில்லை.

ஆனால் சக்கரத்தை மாற்றினால் திருப்பும் முறையும் மாறியாகவேண்டும். மண் தெருவில் மரச்சக்கரம் சற்று அழுந்தி உருளும். கட்டையும் மண்ணைப் பற்றிக்கொள்ளும். தார்ச்சாலையில் இரும்புச் சக்கரத்தின்முன் வைத்த கட்டையோ நிற்காமல் வழுக்கும். சக்கரங்களின் அளவுப் பிசகும் சிறிய விஷயமன்று. இரு சக்கரங்களுக்கும் இடைவெளி 3 மீட்டர், விட்டம் 180 செ.மீ. என்று கொள்வோம். ஒருபக்கத்துச் சக்கரங்கள் தேய்ந்து விட்டம் 1 செ.மீ. குறைந்தால், வழுக்காமல் உருளும் தேர் 540 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் செல்லும். 50 மீட்டர் போவதற்குள் 2 மீட்டருக்குமேல் அந்தப் பக்கம் ஒதுங்கிவிடும். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் புதுப்பித்தால் நேர்வதும் இதுவே.

எனவே ‘தேர் ஒருபக்கம் இழுக்கிறது’ என்றால் முதலில் பார்க்கவேண்டியது சக்கரத்தை அன்று, வடத்தை. இரு வடங்களிலும் ஆள்பலம் ஒத்திருக்கிறதா? அதன்பின் தெருவின் வாட்டம். இரண்டும் சரியாக இருந்தால் சக்கரங்களின் சுற்றளவைக் கயிறு கொண்டு அளக்கலாம். முன்னச்சும் பின்னச்சும் இணையாக உள்ளனவா என்பதற்கு, இருபுறமும் அச்சுமுனைகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்து ஒப்பிட்டாலே போதும். அச்சின் வெடிப்பை மட்டும் வடம் தொடும் முன்பே பார்த்துவிடவேண்டும்.

இந்தச் சோதனைகளின் மதிப்பு உயிர்க்கணக்கில் தெரியும். 2022 ஜூன் 13 அன்று தருமபுரி மாவட்டம் மாதேஹள்ளியில் அச்சு முறிந்து தேர் சாய்ந்ததில் இருவர் இறந்தனர். அதே ஆண்டு ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் களிமேட்டில், சாலை வளைவில் தேரைத் திருப்பும்போது மின்கம்பி உரசி 11 பேர் மாண்டனர். பின்னதில் சக்கரமும் அச்சும் குற்றவாளிகள் அல்ல. ஆயினும் திருப்பும் கணத்தில் தேரின் மேல்முனை எங்கே போகும் என்பதைக் கணிப்பதும் திருப்புதலின் பகுதியே.

பூரியில் இந்தச் சிக்கலே வேறு. அங்கே ஆண்டுதோறும் தேர்களைப் புதிதாகச் செய்கிறார்கள். ஜகந்நாதரின் நந்திகோஷத்திற்கு மட்டும் 16 சக்கரங்கள். ஆண்டுதோறும் செய்வதால் தச்சரின் கைப்பழக்கம் அறுவதில்லை. நாமோ தேரை நூறாண்டு காப்பாற்றி, செய்தவரையும் திருப்பியவரையும் இழந்துகொண்டிருக்கிறோம். பிரேக் வந்தபின் கட்டை வைப்போர் சில ஊர்களில் பாதுகாப்பிற்கு மட்டும் உடன் நடக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வரவேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். கைவிரல் போகும் வேலை அது. அவர்கள் அறிந்ததைக் கேட்டு எழுதிவைக்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

வட்டாரச் சொற்களிலிருந்து தொடங்கலாம். சறுக்குக்கட்டை, முட்டுக்கட்டை, தடி போடுதல் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறுகிறது. உங்கள் ஊர்த் தேரில் கட்டை வைப்பவரை எப்படி அழைப்பார்கள், எந்த மரத்தில் கட்டை செதுக்குவார்கள், வளைவில் அவர் என்ன குரல் கொடுப்பார் என்பதை ஊர்ப்பெயருடன் பின்னூட்டத்தில் எழுதுங்கள்.