முதியோர் வாக்கும் மலைநிலமும்

ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர் நில வழக்குகளை ஊர்க்கவுண்டர் முன் கூடித் தீர்த்துவந்தனர். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளை வகுத்தபின், ஏட்டில் ஏறாத உழவு ஆக்கிரமிப்பாயிற்று.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, கிராமசபை தேரும் 10 முதல் 15 பேர் கொண்ட குழு நிலக் கோரிக்கைகளை ஆராய்கிறது. கோரிக்கையாளர் அல்லாத முதியோரின் வாக்குமூலமும், எழுதிக்கொண்டால், சான்றாகும். அடிவாரத்துச் செங்கம் நடுகற்களின் எழுத்தையே சான்றெனப் பயின்ற நமக்கு இது சிறிய செய்தியன்று. பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் அமையும். வாரிசுக்குச் செல்லும், விற்கத்தான் இயலாது.

தமிழகத்தில் 2008இல் உயர்நீதிமன்ற இடைக்கால ஆணையால் தடைப்பட்ட பட்டா வழங்கலுக்கு 2016இல்தான் உச்சநீதிமன்றம் வழிவிட்டது. சாட்சி சொல்லவேண்டிய முதியவர்களுக்கோ எட்டாண்டுகள் கூடுதலாகக் கழிந்திருந்தன.