ஈ-டைப் காரும் 1.6 மில்லிமீட்டர் இடைவெளியும்

1961 மார்ச்சில் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் ஜாகுவார் நிறுவனம் தனது ஈ-டைப் காரை அறிமுகப்படுத்தியது. 3.8 லிட்டர் எஞ்சின், 265 குதிரைத்திறன், மணிக்கு 150 மைல் வேகம் என்று நிறுவனம் அறிவித்தது. அந்தக் காரின் அழகைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதைப் பராமரித்த மெக்கானிக்குகள் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு கவனமாகப் பார்த்தது ஒரு சின்ன இடைவெளியை. அதன் அளவு ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 1.6 மி.மீ.

எதற்கு அந்த இடைவெளி?

கிளட்ச் தகட்டை ஃபிளைவீலோடு சேர்த்து அழுத்திப் பிடிப்பவை வலுவான ஸ்பிரிங்குகள். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் முன்னால் நகர்ந்து, சுற்றிக்கொண்டிருக்கும் லீவர்களை அழுத்தும். உடனே பிடி விடும், கியர் மாற்றலாம். காலை எடுத்ததும் பேரிங் பின்வாங்கி, எதையும் தொடாமல் ஒதுங்கி நிற்க வேண்டும்.

ஈ-டைப்பில் இருந்த ரிலீஸ் பேரிங்கில் குண்டுகள் கிடையாது. அது ஒரு கார்பன் வளையம், அவ்வளவுதான். அன்றைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றிலும் இதே வழக்கம். கார்பன் தானே வழுக்கும், கிரீஸ் தேவையில்லை, விலையும் குறைவு. ஆனால் ஓயாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் தேய்ந்துவிடும். அதனால்தான் அந்த இடைவெளி.

இங்கே பலரும் குழம்பும் விஷயம் ஒன்று உண்டு. கிளட்ச் தகடு தேயத் தேய இடைவெளி கூடும் என்றுதான் தோன்றும். உண்மையில் குறையும்! தகடு மெலியும்போது லீவர்களின் உள்முனை பின்னோக்கி, பேரிங்கை நெருங்கி வரும். இடைவெளி முழுவதும் போய்விட்டால் பேரிங் எப்போதும் அழுந்தியே இருக்கும். கிளட்ச் வழுக்கும், தகடு கருகும், கார்பனும் தேயும். மாறாக இடைவெளி அதிகமானால் பெடலை முழுக்க மிதித்தாலும் பிடி விடாது, கியர் கரகரக்கும்.

சரிசெய்யும் முறை எளிது. பெடலிலிருந்து எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ராடைக் கையால் அசைத்து, அதன் வெற்று ஆட்டம் 1.6 மி.மீ. இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் லாக் நட்டைத் தளர்த்தி, ராடைத் திருகி, மறுபடி இறுக்குவார்கள். சில நிமிட வேலைதான்.

அந்தச் சில நிமிடத்தைத் தவிர்த்தவர்களுக்குக் காத்திருந்த தண்டனை பெரிது. ஈ-டைப்பில் கிளட்சையோ ரிலீஸ் பேரிங்கையோ மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸை மட்டும் தனியாகக் கழற்ற முடியாது. நீளமான பானெட்டை எடுத்து, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே வெளியே தூக்க வேண்டும். ஒரு கார்பன் வளையத்துக்காகப் பாதிக் காரையே பிரிக்கும் வேலை!

இடைவெளி மறைந்த கதை

1964-ல் 4.2 லிட்டர் ஈ-டைப் வந்தபோது சுருள் ஸ்பிரிங்குகளின் இடத்தை ஒற்றை டயஃப்ரம் ஸ்பிரிங் பிடித்தது. பெடல் இலேசானது. பிற்கால 4.2 கார்களில் ஸ்லேவ் சிலிண்டரும் மாறியது. பேரிங்கைப் பின்னுக்கு இழுக்கும் ஸ்பிரிங் நீக்கப்பட்டது. பேரிங் மிக மெல்லத் தொட்டபடியே இருக்கும். தகடு தேயும்போது பிஸ்டன் தானாகப் பின்னே நகர்ந்து இடம் கொடுக்கும். அவ்வப்போது அளந்து திருகும் வேலை போயிற்று.

ஓட்டுபவருக்கு இது வரம்தான். ஆனால் ஒன்றை இழந்தார்கள். பழைய முறையில் அந்த இடைவெளி ஓர் அளவுகோலாகவும் இருந்தது. ஒவ்வொரு முறையும் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை வைத்தே, உள்ளே கண்ணுக்குத் தெரியாத தகடு எவ்வளவு தேய்ந்தது என்று மெக்கானிக் ஊகித்துவிடுவார். தானாகச் சரிசெய்துகொள்ளும் கிளட்ச் அந்தச் செய்தியைச் சொல்வதில்லை. மேட்டில் ஏறும்போது வழுக்கிய பிறகே விஷயம் வெளியே வரும்.

ஈ-டைப் உற்பத்தி 1974-ல் நின்றது. பழைய 3.8 கார்களைப் பாதுகாப்பவர்கள் இன்றும் அடியில் படுத்து அந்த ராடை அசைத்துப் பார்க்கிறார்கள். 1.6 மி.மீ. இருந்தால் நிம்மதி. இல்லாவிட்டால் ஸ்பேனரை எடுக்க வேண்டியதுதான்.