நூறு கார் இருக்கிறதா? - 1964-ஆம் ஆண்டு ஜி.டி. பந்தயக் கதை

ஃபோர்டும் ஃபெராரியும் மோதிக்கொண்ட கதையை 2019-இல் வந்த ஹாலிவுட் படத்தில் பலர் பார்த்திருப்பீர்கள். அது 1966-ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தைப் பற்றியது. அதற்கு இரண்டு வருடம் முன்னால் நடந்த ஜி.டி. பந்தயப் போட்டி, என்னைக் கேட்டால், அதைவிடச் சுவாரசியமானது. அதில் வேகத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ அதே அளவு காகிதத்துக்கும் உண்டு. உத்தியோக காலம் முழுவதையும் தணிக்கைப் பிரிவில், மற்றவர்கள் எழுதிய கணக்கைச் சரிபார்த்தே கழித்தவன் நான். அதனால்தானோ என்னவோ, இந்தக் கதை என்னை விடமாட்டேன் என்கிறது.

முதலில் ஜி.டி. என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இத்தாலிய மொழியில் கிரான் துரிஸ்மோ. நெடும்பயணம் என்று பொருள். இரண்டு பேர் பெட்டி படுக்கையோடு ஏறி, ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வேகமாகவும் சொகுசாகவும் போகத் தோதான கார். பந்தயத்துக்கென்றே செய்த கார் வேறு, கடையில் பணம் கொடுத்து வாங்கக்கூடிய இந்தக் கார் வேறு.

1962-இல் சர்வதேச மோட்டார் சம்மேளனமான எஃப்.ஐ.ஏ., கார் தயாரிப்பாளர்களுக்கான உலகப் பட்டத்தை இந்த ஜி.டி. கார்களுக்கென்று மாற்றியது. பெரும்பாலான பந்தயங்கள் ஐரோப்பாவில்; சில அமெரிக்காவில். எஞ்சின் அளவை வைத்துப் பிரிவுகள் இருந்தன. 2000 சி.சி.க்கு மேற்பட்ட பெரிய கார்களுக்கு மூன்றாம் பிரிவு. நம் கதை அந்தப் பிரிவில்தான்.

ஜி.டி. கார் என்று யாரும் சும்மா சொல்லிக்கொள்ள முடியாது. அதற்கு ஒரு விதி இருந்தது. தொடர்ந்து 12 மாதங்களுக்குள் ஒரே மாதிரியான 100 கார்களைச் செய்திருக்க வேண்டும். செய்ததற்கான ஆவணத்தைக் காட்டினால் சம்மேளனம் அங்கீகாரம் தரும். இத்தாலியர்கள் இந்த அங்கீகாரத்தை 'ஒமொலகாட்சியோனே' என்பார்கள். ஃபெராரி 250 ஜி.டி.ஓ. என்ற புகழ்பெற்ற காரின் பெயரில் கடைசி எழுத்தான 'ஓ', 'ஒமொலகாட்டோ', அதாவது 'அங்கீகரிக்கப்பட்டது' என்பதன் சுருக்கம்.

வேடிக்கை இங்கேதான் தொடங்குகிறது. அங்கீகாரத்தைப் பெயரிலேயே சுமந்த அந்தக் கார் மொத்தம் எத்தனை செய்யப்பட்டது தெரியுமா? 1962 முதல் 1964 வரை 36 தான்! நூறுக்குப் பாதிகூட இல்லை.

பிறகு எப்படி அங்கீகாரம் கிடைத்தது? விதியில் ஒரு சந்து இருந்தது. ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற காருக்கு வேறு பாடி கட்டிக்கொள்ளலாம், சில முன்னேற்றங்களும் செய்துகொள்ளலாம். ஃபெராரியின் 250 ஜி.டி. பெர்லினெட்டா முன்பே நூறைத் தாண்டி விற்றிருந்தது. 'இது புதுக் கார் அல்ல, அதே கார்தான், கொஞ்சம் மாற்றியிருக்கிறோம்' என்றார் என்ஸோ ஃபெராரி. சம்மேளனமும் சரி என்று தலையாட்டியது. மூன்று லிட்டர், 12 சிலிண்டர், சுமார் 300 குதிரைத்திறன் கொண்ட அந்தக் கார் 1962, 1963 இரண்டு வருடமும் பட்டத்தை வாரிக்கொண்டு போனது.

எதிர்த்து வந்தவர் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்காரர், கேரல் ஷெல்பி. கோழிப்பண்ணை வைத்து நஷ்டப்பட்டவர். 1959-இல் ராய் சால்வடோரியோடு சேர்ந்து ஆஸ்டன் மார்ட்டின் காரில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றவர். இதயக் கோளாறினால் நாக்குக்கு அடியில் மாத்திரையை அடக்கிக்கொண்டு பந்தயம் ஓட்டியவர். 1960-இல் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, கார் செய்வது என்று முடிவெடுத்தார். இங்கிலாந்தின் ஏ.சி. நிறுவனத்து லேசான திறந்த காருக்குள் ஃபோர்டின் வி8 எஞ்சினைப் பொருத்தினார். அதுதான் கோப்ரா. இது நிஜமாகவே நூறைத் தாண்டி விற்ற கார். விதிப்படி எந்த ஆட்சேபணையும் எழுப்ப முடியாது.

ஆனால் ஒரு குறை. கோப்ராவுக்குக் கூரை கிடையாது. சின்னச் சுற்றுகளில் சீறிப்பாயும் கார், லெ மானின் சுமார் 6 கிலோமீட்டர் நேர்ச்சாலையில் காற்றோடு மல்லுக்கட்டித் திணறியது. 4.7 லிட்டர் எஞ்சின் இருந்தும் அங்கே மூன்று லிட்டர் ஜி.டி.ஓ.வைப் பிடிக்க முடியவில்லை.

ஷெல்பியிடம் பீட் பிராக் என்ற இளைஞர் வேலை பார்த்தார். விதிப் புத்தகத்தைப் படித்தார். ஃபெராரி நுழைந்த அதே சந்து அவர் கண்ணிலும் பட்டது. சேஸியையும் எஞ்சினையும் மாற்றாமல், காற்றைக் கிழித்துப் போகும்படி மூடிய பாடி ஒன்றை வரைந்தார். பின்பக்கம் கத்தியால் வெட்டியது போல் சட்டென்று முடியும். பட்டறையிலேயே பலருக்கு அதில் நம்பிக்கை இல்லை. சோதனை ஓட்டுநர் கென் மைல்ஸ்தான் பிராக்குக்குத் துணையாக நின்றார். கலிஃபோர்னியாவின் ரிவர்சைட் தடத்தில் ஓட்டிப் பார்த்தபோது சந்தேகப்பட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். முதல் பந்தயம் டேடோனாவில் என்பதால் 'டேடோனா கூபே' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

செய்தது மொத்தம் ஆறு. முதலாவது அமெரிக்காவில் கட்டப்பட்டது. மற்ற ஐந்துக்கும் பாடி கட்டியது எங்கே? இத்தாலியின் மொடேனா நகரத்துப் பட்டறை ஒன்றில். ஃபெராரியின் தொழிற்சாலை இருக்கும் மாரநெல்லோவிலிருந்து கூப்பிடு தூரம்! எதிராளியின் தெருவிலேயே உட்கார்ந்து ஆயுதம் வடித்த கதை.

ஆக, 1964-இல் மோதிக்கொண்டவை 36 கார் செய்த ஜி.டி.ஓ.வும் ஆறு கார் செய்த டேடோனாவும். இரண்டும் நூறு கார் விதியின் கீழ் அங்கீகாரம் பெற்றவை!

பிப்ரவரியில் டேடோனா பந்தயம். கூபே முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தது. பெட்ரோல் நிரப்ப நின்றபோது தீப்பிடித்து, அத்தோடு முடிந்தது. ஃபெராரி வென்றது. மார்ச்சில் செப்ரிங், நம் சோழவரம் போலப் பழைய விமான ஓடுதளத்தில் அமைந்த தடம். அங்கே 12 மணி நேரம் ஓடி, டேவ் மக்டொனால்டும் பாப் ஹோல்பர்ட்டும் ஜி.டி. பிரிவில் முதலிடம் பிடித்தார்கள்.

பிறகு போட்டி ஐரோப்பாவுக்குப் போனது. சிசிலித் தீவின் மலைச்சாலையில் நடக்கும் தார்கா ஃப்ளோரியோவில் திறந்த கோப்ராக்கள்தான் போயின. குண்டும் குழியுமான வழியில் உடைந்து நொறுங்கின. டேன் கர்னியும் ஜெர்ரி கிராண்டும் ஓட்டிய ஒன்று எட்டாவதாக வந்து சேர்ந்தது. பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத்தில் மைக் பார்க்ஸ் ஜி.டி.ஓ.வில் வென்றார். அங்கே டேடோனாவை ஓட்டியவர் ஃபில் ஹில், 1961-இல் ஃபெராரிக்காக ஃபார்முலா ஒன் பட்டம் வென்ற அதே ஹில். எரிபொருள் வரும் வழியில் அடைப்பு ஏற்பட்டுப் பின்தங்கினாலும், அது சரியான பிறகு அவர் காட்டிய வேகம் ஃபெராரி முகாமுக்குக் கலக்கத்தைக் கொடுத்திருக்கும்.

ஜூன் மாதம் லெ மான். டேன் கர்னி, பாப் பாண்டுரன்ட் இருவரும் ஆயில் கூலர் சேதமடைந்த காரை விடிய விடிய ஓட்டி, மொத்தத்தில் நான்காவதாக வந்தார்கள். ஜி.டி. பிரிவில் முதலிடம். அடுத்து ஐந்தாவதாக வந்தது ஒரு ஜி.டி.ஓ. இன்னொரு டேடோனா, நின்றுபோன எஞ்சினை வெளி பேட்டரி வைத்து உயிர்ப்பித்ததற்காகத் தகுதி இழந்தது. அங்கேயும் விதிதான்!

என்ஸோ ஃபெராரிக்கு நிலைமை புரிந்திருந்தது. ஜி.டி.ஓ.வுக்கு வயதாகிவிட்டது. அவர் கைவசம் 250 எல்.எம். என்ற புதிய கார் இருந்தது. அதையும் ஜி.டி. என்று அங்கீகரிக்கும்படி கேட்டார். மறுபடியும் அதே வாதம்: 'புதுக் கார் அல்ல, பழைய 250-இன் தொடர்ச்சிதான்.'

இந்தத் தடவை பாச்சா பலிக்கவில்லை. பழைய காரில் எஞ்சின் ஓட்டுநருக்கு முன்னால் இருந்தது, எல்.எம்.மில் முதுகுக்குப் பின்னால். சேஸியே வேறு. பெயரில் இருக்கும் 250, ஒரு சிலிண்டரின் கன அளவைக் குறிக்கும். ஏறத்தாழ எல்லா எல்.எம். கார்களிலும் இருந்ததோ 275 சி.சி. சிலிண்டர், 3.3 லிட்டர் எஞ்சின். பெயர்ப் பலகை ஒன்று, உள்ளே சரக்கு வேறு. எத்தனை ஸ்டாக் ரெஜிஸ்டரில் இதைப் பார்த்திருக்கிறேன்! அந்தக் கார் மொத்தம் செய்யப்பட்டதே 32 தான். சம்மேளனம் முடியாது என்றது.

என்ஸோவுக்குக் கடுங்கோபம். இத்தாலிய மோட்டார் கிளப் தனக்காக வாதாடவில்லை என்று பந்தய உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்த வருடம் ஃபார்முலா ஒன்னின் கடைசி இரண்டு பந்தயங்களில் ஃபெராரி கார்கள் சிவப்பு நிறத்தை விட்டுவிட்டு, அமெரிக்கக் குழுவின் நீலமும் வெள்ளையும் பூசிக்கொண்டு ஓடின. மெக்சிகோவில் ஜான் சர்ட்டீஸ் உலகப் பட்டம் வென்றது அந்த நிறத்தில்தான்.

ஜி.டி. பட்டம் என்ன ஆயிற்று? ஆகஸ்டில் இங்கிலாந்தின் குட்வுட்டில் கர்னி ஜி.டி. பிரிவை வென்று இடைவெளியைக் குறைத்தார். செப்டம்பரில் இத்தாலியின் மோன்சா. நீண்ட நேர்ச்சாலைகள் கொண்ட அந்தத் தடம் டேடோனாவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. ஆனால் எல்.எம். தகராறில் அந்தச் சுற்றே பட்டக் கணக்கிலிருந்து போய்விட்டது. ஃபிரான்சை பல நாள் சுற்றிவரும் டூர் த ஃபிரான்சில் டேடோனாக்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகி நின்றன. பியாங்கியும் பெர்ஜேயும் ஜி.டி.ஓ.வில் வென்றார்கள். பட்டம் சொற்பப் புள்ளி வித்தியாசத்தில் மீண்டும் ஃபெராரிக்கே போனது.

மறு வருடம் ஃபெராரி ஜி.டி. பிரிவில் பழைய அக்கறை காட்டவில்லை. 1965 ஜூலை 4, ஃபிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் பாண்டுரன்டும் ஜோ ஷ்லெஸரும் ஜி.டி. பிரிவை வென்று, ஷெல்பிக்குப் பட்டத்தை உறுதி செய்தார்கள். ஒரு அமெரிக்க நிறுவனம் இந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை. அன்று அமெரிக்கச் சுதந்திர தினம்!

யார் செய்தது நியாயம்? ஷெல்பிக்கு ஆதரவாளர்கள் மோன்சாவைச் சொல்வார்கள். ஃபெராரி பக்தர்கள், ஆறு கார் செய்த டேடோனாவை ஒப்புக்கொண்டவர்கள் எல்.எம்.மை மட்டும் ஏன் தடுத்தார்கள் என்பார்கள். என் கணிப்பு இதுதான். கோளாறு 1964-இல் இல்லை, 1962-இல் இருக்கிறது. ஜி.டி.ஓ.வுக்குச் சலுகை கொடுத்த அன்றே, அடுத்தவன் அதை முன்னுதாரணமாகக் காட்டுவான் என்று தெரிந்திருக்க வேண்டும். பிராக் காட்டினார். பிறகு சலுகை வாங்கியவரே அதை உரிமையாக நினைத்து இன்னும் பெரிதாகக் கேட்டார். மறுத்ததும் வஞ்சிக்கப்பட்டதாகக் கோபித்துக்கொண்டார். ஒரு கோப்பில் 'சிறப்பு நிகழ்வாகக் கருதி அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதினால், அடுத்த வருடம் அந்த வரியையே மேற்கோள் காட்டிப் பத்துக் கோப்புகள் மேசைக்கு வரும். அலுவலகத்தில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும்.

இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்தச் சந்து அடைபட்டிருந்தால் ஜி.டி.ஓ.வும் இல்லை, டேடோனாவும் இல்லை. 2018-இல் ஒரு ஜி.டி.ஓ. 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. முதல் டேடோனா கூபே 2014-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் முதல் பெயராக ஏறியது. ஜி.டி. அல்ல என்று கதவடைக்கப்பட்ட 250 எல்.எம்.? 1965-இல் லெ மான் பந்தயத்தையே மொத்தமாக வென்றது. அதன் பிறகு ஃபெராரி அங்கே மீண்டும் முதலிடம் பிடிக்க 58 வருடம், 2023 வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.