தூங்கும் டிரைவரும் தூங்காத இன்ஜினும்

அமெரிக்க நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் லாரிகள் தங்குவதற்கென்றே பெரிய பெரிய இடங்கள் உண்டு. டிரக் ஸ்டாப் என்பார்கள். 1990களில் ராத்திரி 2 மணிக்கு அங்கே போயிருந்தால் ஒரு விசித்திரமான காட்சியைப் பார்த்திருக்கலாம். லாரிகள் வரிசையாக நிற்கும், ஒன்றுகூட நகராது. ஆனால் பெரும்பாலான லாரிகளில் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும்! டிரைவர் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார்.

டீசலை இப்படி வீணாக எரிப்பானேன்? திமிரா? சோம்பேறித்தனமா? இரண்டும் இல்லை. அவர்களுக்கு வேறு வழி இல்லை என்பதுதான் உண்மை.

நீண்ட தூரம் ஓட்டும் அமெரிக்க டிரைவருக்கு லாரிதான் வீடு. வாரக்கணக்கில் ஊருக்குப் போக முடியாது. சீட்டுக்குப் பின்னால் ஒரு படுக்கை, சின்ன ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ், டிவி என்று குடித்தனமே அங்கேதான். இதற்கெல்லாம் சக்தி எங்கிருந்து வருகிறது? ஹீட்டருக்குச் சூடு இன்ஜினிலிருந்து. ஏசி கம்ப்ரஸரைச் சுற்றுவதும் இன்ஜின்தான். பேட்டரியை சார்ஜ் செய்வதும் அதுவேதான். இன்ஜினை அணைத்தால் எல்லாம் போச்சு. பேட்டரியை மட்டும் நம்பி ராத்திரி முழுக்க ஓட்டினால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. வடக்கு மாநிலங்களின் குளிரில் டீசலே மெழுகுபோல உறைந்துவிடும் ஆபத்து வேறு.

சரி, லாரியில் தூங்காமல் ஓட்டிக்கொண்டே போகலாமே என்றால், அதற்கும் வழியில்லை. டிரைவர்களின் வேலை நேரத்துக்கு 1930களின் கடைசியிலிருந்தே அங்கே கட்டுப்பாடு உண்டு. 2004 ஜனவரியில் அமலுக்கு வந்த விதி, 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, தொடர்ச்சியாக 10 மணி நேரம் ஓய்வு எடுக்க வேண்டும் என்றது. நல்ல விதிதான். ஆனால் அந்த 10 மணி நேரத்துக்கு கரண்ட் யார் தருவது? அதை யாரும் சொல்லவில்லை.

இனி கம்பெனியின் கணக்கைப் பார்க்கலாம். நின்றபடி ஓடும் லாரி இன்ஜின் மணிக்குச் சுமார் 0.8 கேலன், அதாவது 3 லிட்டர் டீசல் குடிக்கும். நீண்ட தூர லாரி ஒன்று வருடத்துக்கு 1,800 மணி நேரம் வரை இப்படி நிற்கலாம் என்பது அமெரிக்க அரசுத் தரப்பின் மதிப்பீடு. 1,440 கேலன்! 2008 ஜூலையில் டீசல் விலை கேலனுக்கு 4.70 டாலரைத் தாண்டியது. அந்த விலையில் கணக்குப் போட்டால் ஒரு லாரிக்கு வருடத்துக்கு 6,700 டாலருக்கு மேல். ஆயிரம் லாரி வைத்திருக்கும் முதலாளிக்குத் தூக்கம் வருமா?

அதனால் விதிகள் வந்தன. சில நிமிடங்களில் தானாகவே அணையும்படி இன்ஜினின் கம்ப்யூட்டரை அமைத்தார்கள். வெளியே கடும் குளிரோ கடும் வெயிலோ இருந்தால் மட்டும் விதிவிலக்கு. யார் எத்தனை சதவீத நேரம் நிறுத்தி ஓடவிட்டார் என்று கணக்கெடுத்து போனஸில் கை வைத்தார்கள். சில கம்பெனிகள் இன்வர்ட்டர் மாட்டவும் தடை போட்டன.

டிரைவர்களும் சும்மா இருக்கவில்லை. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டும் 12 வோல்ட் கம்பளி, ஜன்னலுக்குக் கொசுவலை, ஐஸ் பெட்டி, சின்ன ஃபேன் என்று சமாளித்தார்கள். அணையப் போவதாக விளக்கு மின்னும்போது எழுந்து பெடலைத் தட்டிவிட்டு மறுபடி படுத்தவர்களும் உண்டு. அது என்ன தூக்கம்?

இதில் ஒரு அநியாயத்தைக் கவனியுங்கள். அங்கே பெரும்பாலான நீண்ட தூர டிரைவர்களுக்கு மைல் கணக்கில்தான் சம்பளம். தூங்கும் நேரத்துக்குக் காசு கிடையாது. டீசல் மிச்சமானால் லாபம் கம்பெனிக்கு, வியர்வையும் நடுக்கமும் டிரைவருக்கு!

அரசும் சேர்ந்துகொண்டது. கலிஃபோர்னியா 2005ல் 5 நிமிட வரம்பு கொண்டுவந்தது. படுக்கை உள்ள லாரிகளுக்கு முதலில் விலக்கு இருந்தது. 2008 ஜனவரியிலிருந்து அதுவும் போனது. புகையைச் சுவாசிக்கும் அக்கம்பக்கத்து மக்களை நினைத்தால் இதைத் தப்பென்று சொல்ல முடியாது.

மாற்று வழிகளும் வந்தன. ஏபியு என்ற குட்டி இன்ஜின் கால்வாசி டீசலில் ஏசி, ஹீட்டர், கரண்ட் மூன்றையும் தரும். விலை பல ஆயிரம் டாலர், எடையும் அதிகம். எடை கூடினால் சரக்கு குறையுமே! அதனால் 2005ல் மத்திய சட்டம் இந்தக் கருவிக்காக 400 பவுண்டு கூடுதல் எடைக்கு இடம் கொடுத்தது. 2012ல் அது 550 ஆனது. 2008ல் 12 சதவீத வரியிலிருந்தும் விலக்கு கிடைத்தது. ஜன்னல் வழியாகக் குழாய் விட்டு ஏசி தந்த ஐடில்ஏர் நிறுவனமோ 2008ல் திவால் மனு போட்டு, 2010 ஜனவரியில் மூடியது. பிறகு வேறு கைக்கு மாறித்தான் மீண்டும் திறந்தது.

கருவி இருந்தால் மட்டும் போதுமா? 2009 ஜனவரியில் ஒரு ராத்திரி, இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒரு டிரைவர் சாலையோரம் மாட்டிக்கொண்டார். டிரெய்லரின் பிரேக் உறைந்துவிட்டது. டீசல் தீரும் நிலை. ஏபியுவும் வேலை செய்யவில்லை. ஃபாரன்ஹீட் கணக்கிலேயே பூஜ்யத்துக்குக் கீழே குளிர். காத்திருக்கச் சொன்னது கம்பெனி. கால் மரத்துப்போனதும் டிரெய்லரைக் கழற்றிவிட்டு லாரியை மட்டும் ஓட்டிக்கொண்டு போனார். மெக்கானிக் வந்ததும் திரும்பியும் வந்தார். ஆனாலும் வேலை போனது. வழக்கு வருடக்கணக்கில் நடந்து, 2016ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மாறுபட்ட ஒரு நீதிபதி நீல் கோர்சச். அடுத்த வருடம் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்கும்போது, செனட் விசாரணையில் இந்த லாரி டிரைவரின் கதையைத்தான் கேட்டுத் துளைத்தார்கள்.

இன்ஜினை அணைக்கச் சொல்வதில் தப்பே இல்லை. டீசல் மிச்சம், காற்றும் சுத்தம். ஆனால் அணைக்கச் சொல்பவர், அணைத்த பிறகு உள்ளே படுத்திருப்பவருக்கு என்ன ஏற்பாடு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது இல்லாத இடத்தில் மிச்சமானது செலவு இல்லை. அந்தச் செலவு டிரைவரின் தூக்கத்தில் எழுதப்பட்டது, அவ்வளவுதான். மறுநாள் காலை 36 டன் எடையோடு அதே சாலையில் ஓட்டப்போவதும் அவரேதான்.